53-ஆவது கடன்காரன்

தமிழில் கடன்காரன் என்ற சொல்லுக்கு இரண்டு முகம் உண்டு. வாசலில் நின்று குரல் எழுப்புகிறவனும் கடன்காரன்தான். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்திருப்பவனும் கடன்காரன்தான். 2022-ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில், கோத்தகிரியில் என் அக்கா வீட்டில் அந்த இரண்டு முகத்தையும் ஒரே கதவின் இரு பக்கங்களிலும் பார்த்தேன். உள்ளே இருந்தவர் அக்காவின் கணவர், நான் மாமா என்று அழைப்பவர். இரண்டு பக்கத்திலும் சேராத பார்வையாளன் நான் என்று அப்போது நம்பிக்கொண்டிருந்தேன்.

மாமா இருபத்திரண்டு ஆண்டுகள் இலை ஏஜென்டாக இருந்தவர். நீலகிரிக்கு வெளியே இருப்பவர்களுக்கு இந்தத் தொழிலைக் கொஞ்சம் விளக்க வேண்டும். அரை ஏக்கரும் ஒரு ஏக்கரும் வைத்திருக்கும் சிறு விவசாயியால், பறித்த பச்சைத் தேயிலையைத் தானே தொழிற்சாலைக்குக் கொண்டுபோக முடியாது. அன்று பறித்த இலை அன்றே போய்ச் சேராவிட்டால் சூடேறிக் கெட்டுவிடும். ஆகவே ஏஜென்ட் பிக்கப் வண்டியுடன் ஊர் ஊராகச் சென்று, தராசில் நிறுத்து, சிட்டை எழுதிக் கொடுத்து, சாக்கு சாக்காக இலையை ஏற்றிக்கொண்டு போவார். தொழிற்சாலை மாதம் ஒருமுறை ஏஜென்டுக்குப் பணம் தரும், ஏஜென்ட் விவசாயிக்குத் தருவார். கல்யாணம், காதுகுத்து, மருத்துவமனை, உரம் என்று எது வந்தாலும் விவசாயி முன்பணம் கேட்பது ஏஜென்டிடம்தான். முன்பணம் கொடுக்காத ஏஜென்டுக்கு இலை வராது. அந்தப் பணத்தை ஏஜென்ட் எங்கிருந்து கொண்டுவருகிறார் என்று யாரும் கேட்பதில்லை.

மாமா புரோநோட்டில் கொண்டுவந்தார், நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய் வட்டிக்கு. இலை விலை நன்றாக இருந்த மாதங்களில் அது தெரியவில்லை. அவர் பெரும்பாலும் இலை கொடுத்துவந்த தனியார் தொழிற்சாலை முதலில் ஒரு மாதம் தாமதித்தது, பிறகு மூன்று மாதம், பிறகு கதவை மூடிவிட்டது. அது அவருக்குத் தரவேண்டியிருந்த பாக்கி 11 லட்சம் ரூபாய்.

இந்த நிலையில் எங்கள் பக்கத்தில் எல்லோரும் சொல்லும் சொல் ஒன்றுதான்: "ஐ.பி. போட்டுவிடு." கடனைத் தீர்க்க முடியவில்லை என்று நீதிமன்றத்தில் போடும் நொடிப்பு நிலை மனுவுக்கு, பதிவேட்டில் உள்ள சுருக்கப் பெயர்தான் ஐ.பி. அதையே மஞ்சள் கடுதாசி கொடுப்பது என்றும் சொல்வார்கள். ஊர்ப் பேச்சில் இதற்கு ஒரு மந்திரத் தன்மை இருக்கிறது: காகிதம் போய்ச் சேர்ந்தால் கடன் தீர்ந்தது, இனி எவனும் வாசலுக்கு வரமுடியாது, ஆனால் மானம் போய்விடும். மானத்தைப் பற்றிச் சொல்வதைத் தவிர மற்றதெல்லாம் பெரும்பாலும் தவறு என்பது எங்களுக்குத் தெரிய நான்கு மாதங்கள் ஆயின.

பெங்களூரில் வேலை பார்க்கும் அக்கா மகன், கைபேசியில் தேடிப் பார்த்துவிட்டு, திவாலில் ஏழாம் அத்தியாயம், பதினோராம் அத்தியாயம், பதின்மூன்றாம் அத்தியாயம் என்று வகைகள் இருப்பதாகவும், மாதச் சம்பளம் போல வருமானம் உள்ளவருக்குப் பதின்மூன்றுதான் ஏற்றது என்றும் தொலைபேசியில் விளக்கினான். மாமா அதை ஒரு தாளில் எழுதியும் வைத்துக்கொண்டார். அவையெல்லாம் அமெரிக்கத் திவால் சட்டத்தின் அத்தியாயங்கள். உதகை நீதிமன்றத்தில் போய் ஏழாம் அத்தியாயம் என்று கேட்டால் எந்த நூலில் என்றுதான் கேட்பார்கள். இதைச் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை. திவாலின் வகைகள் என்று தேடுபவர்களில் பலர் இந்த இடத்தில்தான் வழிதவறுகிறார்கள் என்பதால் சொல்கிறேன்.

வழக்கறிஞர் தேடும் படலம் வேறு கதை. மருத்துவர்களைப் போலத் தன் துறையைப் பெரிய பலகையில் எழுதி வைத்துக்கொள்ள இங்கே வழக்கறிஞர்களுக்கு அனுமதி இல்லை. இந்திய வழக்கறிஞர் மன்றத்தின் விதிகள் விளம்பரத்தைத் தடை செய்கின்றன. ஆகவே யாரோ ஒருவர் சொல்லி, அந்த யாரோ ஒருவருக்கு இன்னொருவர் சொல்லித்தான் போகவேண்டியிருக்கிறது. எங்களுக்குச் சொல்லப்பட்ட முதல் வழக்கறிஞர் குன்னூர்ப் பக்கம் இருந்தார். நல்ல மனிதர், குற்றவியல் வழக்குகளில் பெயர் பெற்றவர். மாமா உட்கார்ந்து ஐந்து நிமிடம் பேசுவதற்குள், "போட்டுவிடலாம், கவலைப்படாதீர்கள்" என்று வக்காலத்துத் தாளை எடுத்து நீட்டினார். யாருக்கு எவ்வளவு, எதன்மேல் வாங்கியது, எந்தத் தேதியில் என்று ஒரு கேள்விகூட அவர் கேட்கவில்லை. அந்த அவசரம் எனக்கு ஆறுதலாகத்தான் இருந்தது, அக்காவுக்கு இல்லை. "எவ்வளவு கடன் என்றே கேட்காமல் எப்படி மாமாவைக் காப்பாற்றுவார்?" என்று பேருந்தில் கேட்டாள்.

இரண்டாவதாகக் கோயம்புத்தூருக்குப் போனோம். ஒருவர் ஐ.பி. என்று தன் பெயருக்குப் பின்னால் போட்டிருந்ததைப் பார்த்து, நமக்கு வேண்டியவர் இவர்தான் என்று முடிவு செய்துவிட்டோம். அவர் வழக்கறிஞரே அல்லர். 2016-ஆம் ஆண்டின் நொடிப்பு மற்றும் திவால் சட்டத் தொகுப்பின்கீழ் அமைந்த வாரியத்தில் பதிவு செய்துகொண்ட நொடிப்புத் தொழில்முறையாளர். ஒரு கம்பெனி நொடித்துப்போனால் அதன் நிர்வாகத்தைத் தற்காலிகமாகக் கையில் எடுப்பவர். எங்கள் ஐ.பி. மனு, அவருடைய ஐ.பி. ஆள். அந்தக் குழப்பத்திற்காக அவர் பணம் எதுவும் வாங்கவில்லை, தேநீர் கொடுத்து அரை மணி நேரம் பேசினார். இந்தியாவில் திவாலுக்கு மூன்று வாசல்கள் இருக்கின்றன என்பதை முதன்முதலில் அவர்தான் எங்களுக்குப் பிரித்துச் சொன்னார்.

முதலாவது, கம்பெனிகளுக்கான வாசல். 2016 சட்டத்தின்படி, தமிழ்நாட்டில் பதிவான கம்பெனி என்றால் சென்னையில் உள்ள தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயத்துக்குப் போகவேண்டும். மாமாவுக்குப் பணம் தராத தொழிற்சாலை ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனி. இலை கொடுத்த மாமா அதற்குச் செயல்பாட்டுக் கடன் கொடுத்தவர் என்ற வகையில் வருவார். ஆனால் அந்தத் தீர்ப்பாயத்தைத் தட்டுவதற்கு இருந்த குறைந்தபட்சப் பாக்கித் தொகை, 2020 மார்ச் 24-இல் 1 லட்சத்திலிருந்து 1 கோடியாக உயர்த்தப்பட்டுவிட்டது. 11 லட்சம் வரவேண்டியவர் வெளியே நிற்க வேண்டியதுதான். வேறு யாராவது, ஒரு வங்கி, கம்பெனியைத் தீர்ப்பாயத்துக்கு இழுத்து, கடைசியில் அது கலைக்கப்படும் நிலை வந்தாலும், பணம் பிரிக்கும் வரிசையில் முதலில் வழக்குச் செலவு, பிறகு தொழிலாளர்களின் 24 மாத நிலுவையும் அடமானம் பெற்ற வங்கிகளும், பிறகு மற்ற ஊழியர்கள், அடமானம் இல்லாமல் நிதிக் கடன் கொடுத்தவர்கள், அரசு என்று போய், இலை கொடுத்தவர் பங்குதாரர்களுக்குச் சற்று மேலே நிற்பார். பச்சை இலை இல்லாமல் ஒரு தேயிலைத் தொழிற்சாலை ஒருநாள்கூட ஓடாது. ஆனால் அது சாகும்போது இலைக்காரனின் முறை கடைசிப் பந்தியில்தான் வருகிறது.

இரண்டாவது வாசல், அப்படிப்பட்ட கம்பெனிகளுக்காகத் தனிப்பட்ட முறையில் ஜாமீன் கையெழுத்துப் போட்ட இயக்குநர்களுக்கானது. 2019 டிசம்பர் 1 முதல் அவர்களுக்கும் அதே 2016 சட்டம் பொருந்துகிறது, அதே தீர்ப்பாயம்தான். மூன்றாவதுதான் மாமாவைப் போன்ற தனிமனிதர்களுக்கு உரியது. வேடிக்கை என்னவென்றால், 2016 சட்டத்தில் தனிமனிதர்களுக்காகவும் கூட்டு வணிகங்களுக்காகவும் ஒரு முழுப் பகுதி எழுதப்பட்டிருக்கிறது. ஆண்டு வருமானம் 60,000 ரூபாய்க்கும், சொத்து 20,000-க்கும், கடன் 35,000-க்கும் மேற்படாத, சொந்த வீடற்ற ஏழைக்குக் கடனைத் துடைத்துவிடும் 'புதிய தொடக்கம்' என்ற ஏற்பாடுகூட அதில் இருக்கிறது. ஆனால் ஜாமீன்தாரர்களைத் தவிர மற்றவர்களுக்கு அந்தப் பகுதி நாங்கள் மனு செய்த 2023 வரை நடைமுறைக்குக் கொண்டுவரப்படவில்லை. ஆகவே மலையில் இருக்கும் ஒரு தனிமனிதருக்கு இருந்த சட்டம் 1920-ஆம் ஆண்டின் மாகாண நொடிப்பு நிலைச் சட்டம்தான். சென்னை நகரத்தில் வசிப்பவர் என்றால் அதைவிடப் பழைய 1909-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் உயர் நீதிமன்றத்துக்குப் போகவேண்டும். நூறு வயதான அந்தச் சட்டத்தில் தொகைகள் எல்லாம் அந்தக் காலத்தவை: 500 ரூபாய் கடன் இருந்து, அதைத் தீர்க்க முடியவில்லை என்றாலே ஒருவர் மனுப் போடலாம்.

"உங்களுக்குச் சென்னையோ கோவையோ வேண்டாம். உங்கள் ஊர் நீதிமன்றத்தில் சிவில் வழக்கு நடத்தும் ஒரு வழக்கறிஞர் போதும், ஆனால் அவர் ஐ.பி. நடத்தியவராக இருக்கவேண்டும்" என்று சொல்லி அனுப்பினார் அவர்.

ஐ.பி. நடத்தியவர் யார் என்று எப்படித் தெரிந்துகொள்வது? இதற்கு நான் கண்டுபிடித்த வழி ஒன்றைச் சொல்கிறேன். இ-கோர்ட்ஸ் இணையதளத்தில் மாவட்டத்தையும் நீதிமன்றத்தையும் தேர்ந்தெடுத்து, வழக்கின் வகை என்ற இடத்தில் நொடிப்பு மனுவைக் கொடுத்துத் தேடினால், எந்த ஆண்டில் எத்தனை மனு வந்தது, யார் சார்பில் எந்த வழக்கறிஞர் ஆஜரானார், மனு அனுமதிக்கப்பட்டதா, தள்ளுபடியா, வராததால் முடிக்கப்பட்டதா என்பதெல்லாம் தெரியும். அங்கே கிடைத்த பெயர்களில் ஒன்று மீண்டும் மீண்டும் வந்தது. விசாரித்ததில், அவர் அறுபது வயதைத் தாண்டியவர், சிவில் வழக்குகள் மட்டும் பார்ப்பவர், அவருடைய குமாஸ்தாவிடம் முதலில் பேசினால்தான் அவரைப் பார்க்க முடியும் என்றெல்லாம் தெரிந்தது.

அந்த மூன்றாவது வழக்கறிஞர் எங்களை உட்காரவைத்ததும் வக்காலத்தை எடுக்கவில்லை. ஒரு கோடு போட்ட நோட்டை மாமாவிடம் தந்து, பக்கத்தை ஐந்து பத்திகளாகப் பிரித்துக் கொடுத்தார்: யாருக்கு, எவ்வளவு, எந்தத் தேதியில், எதன்மேல், கையில் என்ன காகிதம் கொடுத்திருக்கிறீர்கள். "இதை எழுதிக்கொண்டு அடுத்த வாரம் வாருங்கள். ஒருவரையும் விடக்கூடாது. விட்டீர்களென்றால் நான் வழக்கை எடுக்கமாட்டேன்" என்றார். வெளியே வந்தபோது அக்கா என்னைப் பார்த்த பார்வையில், ஆள் கிடைத்துவிட்டார் என்பது இருந்தது.

அந்த நோட்டை எழுதிய வாரத்தை நான் மறக்கமாட்டேன். மாமா முதல் இரண்டு நாட்கள் பேனாவைத் தொடவில்லை. மூன்றாம் நாள் இரவு எழுதத் தொடங்கியவர், நாங்கள் யாரும் அறியாத இரண்டு சீட்டுகளையும் ஒரு புரோநோட்டையும் எழுதினார். கணக்கு முடிந்தபோது இப்படி இருந்தது: வீட்டு அடமானத்தின்மேல் வங்கிக்கு 14 லட்சம், கூட்டுறவுச் சங்கத்தில் நகைக்கடன் 3 லட்சம், பிக்கப் வண்டிக்கு நிதி நிறுவனத்தில் 4 லட்சம், ஆறு பேரிடம் புரோநோட்டில் 17 லட்சம், சீட்டுப் பாக்கி 2 லட்சம், இலைக்காசு கொடுபடாத 41 விவசாயிகளுக்கு 5 லட்சம். மொத்தம் 45 லட்சம், 52 பேர்.

அடுத்த வாரம் வழக்கறிஞர் அந்தப் பட்டியலைக் கையில் எடுத்துக்கொண்டு, ஐ.பி. எதைத் தொடும், எதைத் தொடாது என்று பென்சிலால் குறித்துக்கொண்டே வந்தார். வங்கிக் கடனில் ஒரு பெருக்கல் குறி. அடமானம் பெற்றவர் தன் அடமானச் சொத்தின்மேல் தனியாக நடவடிக்கை எடுப்பதை நொடிப்பு மனு தடுக்காது; சர்பாசி என்று சொல்லப்படும் 2002-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வங்கி 60 நாள் நோட்டீஸ் ஏற்கெனவே அனுப்பியிருந்தது, அதில் குறை இருந்தால் போகவேண்டிய இடம் கோவையிலுள்ள கடன் மீட்புத் தீர்ப்பாயம். நகைக்கடனுக்கும் பிக்கப்புக்கும் அதே பெருக்கல் குறி. விவசாயி குடியிருக்கும் வீட்டை ஜப்தி செய்யக்கூடாது என்று சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆவது பிரிவு சொல்கிறதே என்று நான் கேட்டேன், எங்கோ படித்திருந்தேன். "அது சாதாரணக் கடன்காரனுக்கு எதிரான காப்பு. அடமானப் பத்திரத்தில் நீங்களே எழுதிக் கொடுத்த வீட்டுக்கு அது வராது" என்றார். ஆனால் அதே பிரிவால் சமையல் பாத்திரங்களும், உடுத்தும் துணியும், அக்காவின் தாலியும் யார் கைக்கும் போகாது.

புரோநோட்டுகளில் அவர் நீண்ட நேரம் நின்றார். நோட்டு எழுதிய நாளிலிருந்து, அல்லது கடைசியாகப் பணம் கட்டிக் கையெழுத்துப் போட்ட நாளிலிருந்து மூன்று ஆண்டு கடந்தால் அதன்மேல் வழக்குப் போடமுடியாது. ஒரு நோட்டுக்கு அந்தக் காலம் முடியும் தறுவாயில், கொடுத்தவர் வந்து முகத்தைப் பார்த்துக் கேட்டார் என்று, மாமா வெட்கத்தில் புதிதாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார். வழக்கறிஞர் கோபப்படவில்லை. "கேட்டவருக்கு அது நியாயமான கடன்தானே" என்று மட்டும் சொன்னார். ஆறு பேரில் இருவரிடம் மாமா தேதி போடாத காசோலைகளும் கொடுத்திருந்தார் என்பது தெரிந்ததும்தான் அவர் முகம் மாறியது. காசோலை திரும்பினால் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆவது பிரிவில் அது குற்ற வழக்கு, இரண்டு ஆண்டுவரை சிறையும் காசோலைத் தொகையின் இரு மடங்குவரை அபராதமும் விதிக்க இடமுண்டு. ஐ.பி. சிவில் கடனுக்கான கேடயம், அந்தக் குற்ற வழக்கை அது நிறுத்தாது. முதல் வழக்கறிஞர் அன்றே மனுப் போட்டிருந்தால் இது தெரியாமலே மாமா நடந்துகொண்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

சிறை என்றதும் அக்கா கேட்டாள், கடனுக்காக உள்ளே போடுவார்களா என்று. சாதாரணப் பணத் தீர்ப்பை நிறைவேற்றுவதற்காகக் கடனாளியைச் சிவில் சிறையில் வைக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது, ஆனால் பணம் இருந்தும் கொடுக்க மறுப்பவருக்குத்தான் அது பொருந்தும். இல்லாமையால் கொடுக்க முடியாதவரைச் சிறையிலிடக் கூடாது என்று 1980-இல் ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் தீர்ப்பெழுதினார். பணத் தீர்ப்புக்காகப் பெண்களைக் கைது செய்யவே முடியாது. அதற்குமேல், நொடித்தவர் என்று அறிவிக்கப்பட்டவர் நீதிமன்றத்திடம் பாதுகாப்பு உத்தரவும் கேட்கலாம்.

பிறகு அவர் கேட்ட கேள்விதான் எங்கள் குடும்பத்தை உலுக்கியது: "கடந்த இரண்டு ஆண்டில் எதையாவது யார் பெயருக்காவது மாற்றினீர்களா?"

மாற்றியிருந்தார். 2022 ஜூன் மாதம், பத்திரம் எழுதுபவர் ஒருவர் சொன்ன யோசனையின்படி, 40 சென்ட் தேயிலை நிலத்தை அக்கா பெயருக்குச் செட்டில்மென்ட் எழுதி வைத்திருந்தார். நிலத்தையாவது காப்பாற்றலாம் என்ற எண்ணம். பணம் வாங்காமல் செய்த அப்படிப்பட்ட மாற்றத்துக்குப் பின் இரண்டு ஆண்டுகளுக்குள் மனு வந்து அவர் நொடித்தவர் என்று அறிவிக்கப்பட்டால், அந்தப் பத்திரத்தை நீதிமன்றம் செல்லாததாக்கலாம் என்கிறது 1920 சட்டத்தின் 53-ஆவது பிரிவு. அதைவிடவும், கடன் கொடுத்தவர்களை ஏய்க்கும் எண்ணத்தோடு சொத்தை மாற்றுவதே சட்டத்தின் பார்வையில் ஒரு நொடிப்புச் செயல், அதை வைத்து மூன்று மாதத்துக்குள் கடன் கொடுத்தவரே மாமாமேல் மனுப் போட்டிருக்கலாம். நிலம் திரும்ப வரும், மாமாவின் நேர்மை மட்டும் திரும்ப வராது என்ற பொருளில் வழக்கறிஞர் ஏதோ சொன்னார். அக்கா அந்த இடத்திலேயே, நிலத்தை மனுவில் மாமாவின் சொத்தாகவே காட்டுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கொடுக்கச் சம்மதித்தாள்.

மாமாவுக்கு வேறொரு கவலை இருந்தது. அந்த 41 விவசாயிகள். புரோநோட்டுக்காரர்கள் வட்டியிலேயே முதலை எடுத்துவிட்டார்கள், அவர்கள் காத்திருக்கட்டும். இலை கொடுத்தவர்கள் குளிரில் நின்று பறித்தவர்கள், நிலத்தை விற்று அவர்களுக்கு மட்டும் முதலில் கொடுத்துவிட்டு மிச்சம் உள்ளவர்களுக்காக ஐ.பி. போடலாமே என்றார். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது, எனக்கு இன்றும் அதில் பாதி நியாயம் இருப்பதாகத்தான் படுகிறது. ஆனால் சட்டம் அதை முறையற்ற முன்னுரிமை என்கிறது: தீர்க்க முடியாத நிலையில் இருப்பவர், ஒரு சாராரை உயர்த்தும் நோக்கத்தோடு பணம் கொடுத்து, மூன்று மாதத்துக்குள் மனு வந்தால் அந்தக் கொடுப்பு செல்லாது. கொடுத்த காசை, நொடித்தவரின் சொத்தைப் பொறுப்பேற்க நீதிமன்றம் அமர்த்தும் ரிசீவர், விவசாயிகளிடமிருந்தே திரும்பக் கேட்கும் நிலை வரும். அவர்களும் பட்டியலில் வரவேண்டும், மற்றவர்களுக்கு ரூபாய்க்கு எத்தனை காசு கிடைக்குமோ அதுவேதான் அவர்களுக்கும். மாமா அன்று சாப்பிடவில்லை. நொடித்துப்போனவன் என்ற பெயரைவிட, கிழங்குத் தோட்டத்து மேட்டில் வண்டிக்காகக் காத்து நிற்கும் அந்த முகங்களுக்கு நீதிமன்ற நோட்டீஸ் போகும் என்பதுதான் அவரைச் சுட்டது.

மனுவைப் போடலாமா என்பதற்கே அவர் மூன்று வாரம் எடுத்துக்கொண்டார், வழக்கறிஞரும் அவசரப்படுத்தவில்லை. போட்டுப் பார்ப்போம், சரிவராவிட்டால் எடுத்துவிடுவோம் என்பது இதில் கிடையாது. நீதிமன்றத்தின் அனுமதி இல்லாமல் நொடிப்பு மனுவைத் திரும்பப் பெற முடியாது. நொடித்தவர் என்ற அறிவிப்பு வந்த நாள் முதல் சொத்து முழுவதும் நீதிமன்றத்தின் அல்லது அபிஷியல் ரிசீவரின் கைக்குப் போய்விடும். மிச்சக் கடனிலிருந்து அவரை விடுவிக்கும் உத்தரவு வரும்வரை புதிதாகச் சேரும் சொத்தும் அப்படியே. நாளைக்கு மாமாவின் அம்மா காலமாகி ஒரு பங்கு வந்தால் அதுவும். நொடித்தவர் உள்ளாட்சித் தேர்தலில் நிற்க முடியாது என்று கேட்டதும் மாமா லேசாகச் சிரித்தார். ஒருமுறை வார்டுக்கு நின்று 64 ஓட்டு வாங்கியவர்.

கடைசியில் விடுவிப்பு கிடைக்குமா என்பதும் தானாக நடப்பதில்லை. குறித்த காலத்துக்குள் அதற்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பிக்காமல் மறந்துபோய், அறிவிப்பே ரத்தாகி, கடன்கள் பழையபடி உயிர்பெற்ற வழக்குகளைத்தான் நான் இணையதளத்தில் அதிகம் பார்த்தேன். அடமானமற்ற கடனில் ரூபாய்க்கு எட்டணாவாவது ஈடுசெய்யச் சொத்து இல்லையென்றால் முழு விடுவிப்பைச் சட்டம் மறுக்கச் சொல்கிறது. ஆமாம், சட்டத்தில் எட்டணா என்றுதான் இருக்கிறது. தன்மேல் குற்றம் சொல்ல முடியாத காரணத்தால் அந்த நிலை வந்தது என்று காட்டினால் விலக்கு உண்டு. மாமாவின் அடமானமற்ற கடன் 24 லட்சம், நிலம் எட்டு ஒன்பது லட்சம்தான் போகும். ஆகவே மூடிப்போன தொழிற்சாலையின் சிட்டைகளும், வரவேண்டிய 11 லட்சத்தின் கணக்கும் எங்களுக்கு இரண்டு விதத்தில் தேவைப்பட்டன: அந்தப் பாக்கி ஒரு சொத்து என்று காட்டவும், இந்த வீழ்ச்சிக்குக் காரணம் அவருடைய ஊதாரித்தனம் அல்ல என்று காட்டவும். இருபத்திரண்டு ஆண்டுச் சிட்டைகளைச் சாக்கில் கட்டி வைத்திருந்த மாமாவின் பழக்கத்தை அதுவரை நாங்கள் எல்லோரும் கேலி செய்திருக்கிறோம்.

கட்டணம் பற்றி ஒரு வார்த்தை. வந்த தொகையில் இத்தனை பங்கு என்று வழக்கறிஞர் பேசக்கூடாது. அப்படிப் பேசுகிறவரிடமிருந்து எழுந்து வந்துவிடலாம். எங்களுடையவர், தன் கட்டணம் தனி, நீதிமன்றக் கட்டணம், நோட்டீஸ், பத்திரிகை விளம்பரச் செலவு தனி என்று எழுதியே கொடுத்தார். 52 பேருக்கு நோட்டீஸ் அனுப்பும் செலவு அவர் கட்டணத்தில் கால்வாசி வந்தது. அதுவும் முடியாதவர்கள் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பெண்களுக்கும் பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமலே இலவச வழக்கறிஞர் உண்டு, 15100 என்ற எண்ணில் கேட்கலாம். அங்கேயே மக்கள் நீதிமன்றத்தில் வங்கியோடு பேசித் தீர்க்கவும் வழியிருக்கிறது. நாங்கள் முயன்றோம், வங்கி கேட்ட தொகைக்கு எங்களால் எட்டமுடியவில்லை, வீடு ஏலத்துக்குப் போயிற்று. அதே தெருவில் வாடகைக்கு இருக்கிறார்கள்.

மனு 2023 பிப்ரவரியில் தயாரானபோது வழக்கறிஞர் என்னைப் பார்த்து, "பிக்கப் கடனுக்கு ஜாமீன் யார்?" என்றார். நான்தான். நான்கு ஆண்டுக்கு முன், ஒரு மதிய நேரத்தில், தேநீர் ஆறுவதற்குள் போட்ட கையெழுத்து. கடன்பட்டவர் நொடித்து, நீதிமன்றம் அவரை விடுவித்தாலும்கூட, ஜாமீன்தாரரின் பொறுப்பு விடுபடாது. கடன்பட்டவருக்கு எவ்வளவு பொறுப்போ அவ்வளவும் ஜாமீன்தாரருக்கும் உண்டு என்று 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டமே சொல்கிறது. வண்டியை நிறுவனம் எடுத்து விற்றபின் நின்ற மிச்சத்தை நான்தான் கட்டிவருகிறேன். அப்படிக் கட்டியதை மாமாவிடம் கேட்கும் உரிமை எனக்கு உண்டு, ஆகவே சட்டத்தின் பார்வையில் நானும் அவருக்குக் கடன் கொடுத்தவன். வழக்கறிஞர் பட்டியலின் அடியில் 53 என்று எழுதி, அதற்கு நேரே என் பெயரை எழுதினார். மாமா தலையைத் திருப்பிக்கொண்டு சன்னலைப் பார்த்தார்.

நோட்டீஸ் வந்தது. மஞ்சள் நிறத்தில் இல்லை, சாதாரண வெள்ளைத் தாள். 53-ஆம் எதிர்மனுதாரர் என்று என் பெயர். முதல் விசாரணைக்கு உதகை போகக் காலை ஆறேகாலுக்குக் கோத்தகிரியில் பேருந்து ஏறினேன். பின்வரிசை முழுக்க, மாமாவிடம் இலை கொடுத்தவர்கள். அன்றைய பறிப்பை விட்டுவிட்டு, சால்வை போர்த்தி, மடித்த நோட்டீஸைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கட்டபெட்டில் மாமா ஏறினார். நிற்க மட்டுமே இடமிருந்தது. கொஞ்ச தூரம் யாரும் பேசவில்லை. பிறகு ஒரு முதியவர் தன் பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, பக்கத்தில் அரை ஆள் உட்காரும் அளவு நகர்ந்து, "கோர்ட்டில் எத்தனை மணிக்குக் கூப்பிடுவார்கள்?" என்று கேட்டார். பத்தரைக்கு என்று மாமா சொன்னார். உதகையில் டவாலி ஒன்று முதல் ஐம்பத்துமூன்று வரை பெயர்களைக் கூப்பிட்டு முடிக்கவே இருபது நிமிடம் ஆயிற்று. வழக்கு ஒரு மாதம் தள்ளிப் போயிற்று. திரும்பும்போதும் எல்லோருக்கும் ஒரே பேருந்துதான்.